கார்பன் தேதிகளால் தொல்பழங்காலத்தை வரிசைப்படுத்துவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

உயிருடன் இருக்கும்போது உடலில் சேரும் கார்பன்-14 என்ற கதிரியக்கக் கார்பன், இறந்த பிறகு சிதைந்து குறைந்துகொண்டே போகும். மிஞ்சியதை அளக்கும் கார்பன்-14 முறை ஓர் உயிர் எப்போது இறந்தது என்பதைத்தான் சொல்லும். அந்தக் குகையில் மனிதர் எப்போது தங்கினார், கற்கருவியை எப்போது செதுக்கினார் என்பதை அது நேரடியாகச் சொல்லாது. தேதியிட்ட பொருளுக்கும் மனிதச் செயலுக்கும் உள்ள தொடர்பை அகழாய்வு செய்பவர்தான் நிறுவ வேண்டும். ஒரு வட்டாரம் முழுவதற்கும் காலவரிசை அமைக்கும்போது பெரும்பாலான பிழைகள் இங்கேதான் பிறக்கின்றன என்பது என் உறுதியான எண்ணம்.

கரித்துண்டு கிடைத்தவுடன் ஆய்வகத்துக்கு அனுப்பிவிடுவது அப்படி ஒரு தவறு. முதிர்ந்த மரத்தின் உள்வைரம், அந்த மரம் அடுப்பில் எரிவதற்குப் பல நூறு ஆண்டுகளுக்கு முன்பே வளர்ந்து முடிந்திருக்கலாம். வறண்ட நிலத்திலும் குளிர்ந்த நிலத்திலும் பட்ட மரம் மக்காமல் நெடுங்காலம் கிடக்கும். வளை தோண்டும் விலங்குகளும் வேர்களும் சிறு துண்டுகளை ஓர் அடுக்கிலிருந்து இன்னொன்றுக்குத் தள்ளிவிடும். கருகிய கொட்டை ஓடு, வெட்டுத் தழும்புள்ள எலும்பு, கொம்பில் செய்த கருவி போன்றவை கிடைத்தால் அவற்றையே தேர்ந்தெடுங்கள். அவற்றில் மனிதர் கைபட்டதற்கான தடயம் அந்தப் பொருளிலேயே இருக்கிறது.

மிகப் பழைய காலத்துக்குப் போகும்போது மாசுதான், அதாவது பிற்காலக் கார்பன் கலப்பதுதான், பெரிய ஆபத்து. கார்பன்-14-இன் அரை ஆயுள், அதாவது அது பாதியாகக் குறைய ஆகும் காலம், 5,730 ஆண்டுகள். 40,000 ஆண்டுகளில் ஏறக்குறைய ஏழு அரை ஆயுள்கள் கடந்துவிடுவதால், மிஞ்சுவது 1 சதவீதத்துக்கும் குறைவு. கார்பன்-14 துளியும் இல்லாத ஒரு மாதிரியில் 1 சதவீதம் புதிய கார்பன் கலந்தால் போதும், அது சுமார் 37,000 ஆண்டு வயது காட்டும். ஆகவே இந்தக் காலகட்டத்தில் தவறான தேதிகள் பெரும்பாலும் இளமைப் பக்கமே சாய்கின்றன.

வேல்ஸில் பேவிலண்ட் குகையில் 1823-இல் கிடைத்த, செங்காவி படிந்த எலும்புக்கூட்டைப் பாருங்கள். 1960-களில் அதற்குக் கிடைத்த கார்பன் வயது சுமார் 18,000. பின்னர் அது 26,000 ஆனது. எலும்பிலுள்ள கொலாஜன் என்ற புரதத்தை நுண்வடிகட்டியில் சுத்திகரித்த பிறகு 29,000-ஐ எட்டியது. குரோவேஷியாவின் விண்டிஜா குகையில் கிடைத்த, மறைந்துபோன மனித இனமான நியண்டர்தால்களின் எலும்புகளும் 28,000–29,000 என்று தேதியிடப்பட்டு, 'கடைசி நியண்டர்தால்கள்' என்ற பேச்சுக்கு இடம் கொடுத்தன. கொலாஜனிலிருந்து ஒரே ஓர் அமினோ அமிலத்தை மட்டும் பிரித்து அளந்தபோது, அவை 40,000 ஆண்டுகளுக்கும் பழையவை என்று தெரிந்தது. ஓர் இனம் எப்போது மறைந்தது என்ற கதையே மாறிப்போனது! எனவே பழைய பட்டியல்களிலுள்ள தேதிகளை அப்படியே அள்ளிச் சேர்க்காதீர்கள். எந்த முறையில் சுத்திகரித்தார்கள், கொலாஜன் எவ்வளவு கிடைத்தது, கொலாஜன் கெடாமல் இருக்கிறதா என்று காட்டும் கார்பன்-நைட்ரஜன் விகிதம் 2.9-க்கும் 3.6-க்கும் இடையில் இருந்ததா என்று கேளுங்கள். பதில் இல்லாத தேதியை ஒதுக்கி வையுங்கள், ஒதுக்கிய காரணத்தையும் எழுதி வையுங்கள்.

அப்புறம், ஆய்வகம் அளந்து தரும் மூல கார்பன் வயதையும், அதை உண்மையான ஆண்டுகளாக மாற்றிய திருத்திய ஆண்டையும் கலக்கவே கூடாது. காற்றிலுள்ள கார்பன்-14 அளவு காலத்துக்குக் காலம் மாறியதால் இரண்டும் ஒன்றல்ல. 10,000 என்ற கார்பன் வயது, திருத்தினால் சுமார் 11,500 ஆண்டுகள் ஆகும். 30,000 என்பது 34,000-ஐத் தாண்டும். கார்பன் தேதிகளுடன் வரும் 'இன்றைக்கு முன்' (BP) என்பதில் 'இன்று' என்பது 1950. மணல்மணிகள் கடைசியாக வெளிச்சம் கண்ட காலத்தை அளக்கும் ஒளித்தூண்டல் முறையோ எரிமலைச் சாம்பலின் ஆர்கான் தேதியோ உண்மையான ஆண்டுகளைத் தரும்போது, திருத்தாத கார்பன் வயதை அவற்றின் பக்கத்தில் வைத்தால் இல்லாத முரண்பாடு தோன்றும். மூல வயதை உண்மையான ஆண்டாக மாற்ற உதவும் திருத்த வளைகோடு புதுப்பிக்கப்படும்போதெல்லாம் மீண்டும் கணக்கிட வேண்டியிருக்கும் என்பதால் மாதிரிக்கு ஆய்வகம் தந்த எண்ணையும் மூல வயதையும் கட்டாயம் வெளியிடுங்கள்.

கடல் சிப்பிகளுக்கும் மீனை அதிகம் உண்டவர்களின் எலும்புகளுக்கும் தனிக் கவனம் வேண்டும். ஆழ்கடல் நீரிலுள்ள பழைய கார்பன் அவற்றைச் சில நூறு ஆண்டுகள் முதியவையாகக் காட்டும். சுண்ணாம்புப் பாறை நிலத்து ஆறு, ஏரிகளிலும் இதே சிக்கல் உண்டு.

சரி, நல்ல தேதிகள் கைக்கு வந்துவிட்டன. அவற்றைச் சேர்க்கும்போதும் சறுக்கல் உண்டு. ஒவ்வொரு தேதிக்கும் பிழை வரம்பு இருப்பதால், குறுகிய காலமே நீடித்த ஒரு பண்பாட்டின் தேதிகளைக் கோத்துப் பார்த்தால் அது நீண்டதாகத் தெரியும். மூத்த தேதியைத் தொடக்கமாகவும் இளைய தேதியை முடிவாகவும் கொள்ளாமல், மண்ணடுக்கு வரிசையையும் சேர்த்துப் பேய்ஸ் முறை என்ற புள்ளியியல் முறையில் கணிப்பது நல்லது. தேதிகள் குவிந்த காலத்தில் மக்கள் தொகை பெருகியது, தேதியே இல்லாத காலத்தில் ஆளில்லை என்று முடிவுகட்டுவதும் அவசரம். சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன் கடல்மட்டம் இன்றைவிட ஏறத்தாழ 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. அன்று மனிதர் வாழ்ந்த கடற்கரைகள் பல இன்று நீருக்கடியில் உள்ளன. அதேபோல '50,000-க்கு மேல்' என்று ஆய்வகம் சொன்னால் அதை 50,000 என்று வரைபடத்தில் குறிக்காதீர்கள். அது ஒரு கீழ் எல்லை மட்டுமே. அந்த அடுக்கின் வயதை அறிய, யுரேனியம் சிதைந்து தோரியமாவதை அளக்கும் யுரேனியம்-தோரியம், ஒளித்தூண்டல் போன்ற வேறு முறைகளுக்குத்தான் போக வேண்டும்.