டார்க்கஸ்ட் டஞ்சன்: உயிர்ப்பட்டையை மட்டும் பார்த்து ஆடினால்

வான்கூவரின் ரெட் ஹூக் ஸ்டூடியோஸ் 2016இல் முழுமையாக வெளியிட்ட வீடியோ கேம் டார்க்கஸ்ட் டஞ்சன். நான்கு ஹீரோக்களை ஆபத்தான இடங்களுக்கு அனுப்பி, முறை வைத்துச் சண்டையிட வைக்கும் இந்த ஆட்டத்தில் முன்பு சேமித்த இடத்துக்குத் திரும்ப வழியில்லை. எல்லாம் தானாகப் பதிவாகிவிடும். செத்த ஹீரோ செத்ததுதான். அந்தப் பயத்தில் புதியவர்கள் உயிர்ப்பட்டையை விட்டுக் கண்ணை எடுப்பதில்லை. ஆனால் குழுவைக் கவிழ்ப்பது பெரும்பாலும் அதன் கீழே நிரம்பிக்கொண்டிருக்கும் ஸ்ட்ரெஸ், அதாவது மன அழுத்தம்தான்.

ஸ்ட்ரெஸ் 100ஐத் தொட்டால் ஹீரோவின் மனம் சோதிக்கப்படும். சாதாரணமாக 25% வாய்ப்பில்தான் தைரியம் பிறக்கும். மற்றபடி புத்தி பேதலிக்கும். அப்புறம் அவர் மருந்தை மறுப்பார், தன் முறையை வீணாக்குவார், பக்கத்தில் நிற்பவர்களுக்கும் ஸ்ட்ரெஸ் ஏற்றுவார். ஒருவர் உடைந்தால் மற்ற மூவரும் வரிசையாக உடைவது இதனால்தான். 200க்குப் போனால் மாரடைப்பு.

இந்த ஸ்ட்ரெஸை ஏற்றும் எதிரிகள் அநேகமாகப் பின்வரிசையில் நிற்பார்கள்: கல்டிஸ்ட் அகோலைட், கோப்பையை வீசும் எலும்புக்கூட்டுப் பிரபு. வாளோடு எதிரே நிற்பவனை முதலில் வெட்டத்தான் கை போகும். அது வீண் வேலை. அவன் விழுந்தாலும் பிணம் அதே இடத்தில் கிடக்கும், பின்னால் இருப்பவர் முன்னால் நகர மாட்டார். ஆகவே எதிரி வரிசையின் பின்பக்கமான 3, 4ஆம் இடங்களை எட்டும் திறன் குழுவில் இருவரிடமாவது இருக்க வேண்டும். ஹீரோ வகைகளில் பிளேக் டாக்டரின் பிளேக் கிரனேட் அந்த இரண்டு இடங்களையும் சேர்த்தே தாக்கும்; ஹைவேமேனின் பிஸ்டல் ஷாட்டும் எட்டும். ஹெல்லியன் முதலிடத்தில் நின்றபடியே அயர்ன் ஸ்வானால் நான்காமவனைக் குத்துவார். இடிபாடுகள் என்ற பகுதியில் இருக்கும் எலும்புக்கூடுகளிடம் ரத்தக்கசிவை நம்பாதீர்கள், நஞ்சுதான் வேலை செய்யும். வாரன்ஸ் என்ற பகுதியின் பன்றிகளிடம் அப்படியே தலைகீழ்.

உயிர் 0 ஆனால் ஹீரோ உடனே சாவதில்லை, டெத்ஸ் டோரில், அதாவது சாவின் வாசலில் நிற்பார். அதன்பின் படும் ஒவ்வொரு அடிக்கும் தப்பிக்க 67% வாய்ப்பு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ரத்தக்கசிவும் நஞ்சும்கூட அடிக் கணக்கில் சேரும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். கசிவு அவரது முறை தொடங்கும்போதே இறங்கிவிடும். பேண்டேஜையோ அவர் முறை வந்தபின்தான் கட்ட முடியும். அதாவது பேண்டேஜ் வருவதற்குள் சாவுச் சீட்டு குலுக்கப்பட்டிருக்கும். அவருக்கு முன் முறை வருகிற வெஸ்டல் (சிகிச்சை செய்யும் ஹீரோ) 2 புள்ளி உயிர் ஏற்றினாலே போதும். கசிவு 4 என்றாலும் அவர் மறுபடி 0க்கு இறங்கி வாசலில் நிற்பார், அவ்வளவுதான். இந்த இடத்தில் எதிரியை அடிப்பதா, சிகிச்சையா என்று யோசிக்கவே வேண்டாம்.

பயணத்துக்கு முன் கடையில் கஞ்சத்தனம் பண்ணுவது அடுத்த தவறு. பசி வந்தால் ஆளுக்கு ஒன்றாக 4 உணவு போகும். இல்லையென்றால் உயிரும் போகும், ஸ்ட்ரெஸும் ஏறும். குறுகிய பயணத்துக்கு 8 முதல் 12 உணவு, 2 மண்வெட்டி எடுங்கள். மண்வெட்டி இல்லாமல் வழியை மறித்த கல்லைக் கையால் தள்ளினால் உயிர், ஸ்ட்ரெஸ், வெளிச்சம் மூன்றிலும் அடி விழும். டார்ச் ஒன்று 25 வெளிச்சம் தரும். வெளிச்சத்தின் உச்சம் 100, அதனால் அதை 90இல் கொளுத்தினால் பாதிக்கு மேல் வீண். 75க்கு இறங்கியதும் கொளுத்துங்கள். ஷாம்ப்ளர் என்ற கொடிய அரக்கனின் பலிபீடத்தைக் கண்டால் மட்டும் டார்ச்சை வைத்துப் பார்க்கும் ஆசையை அடக்குங்கள்: வெளிச்சம் மொத்தமாக அணைந்து ஷாம்ப்ளரே வந்து நிற்கும்.

பயணங்களுக்கு இடையே திரும்பும் நகரத்தில் முதலில் உயர்த்த வேண்டியது புது ஹீரோக்களைக் கொண்டுவரும் ஸ்டேஜ் கோச். ஆட்கள் இலவசமாக வருகிறார்கள், சிகிச்சைக்குத்தான் காசு. பிடித்த நால்வரையே வாராவாரம் அனுப்பினால் அவர்கள் 3ஆம் நிலையை எட்டியதும் தொடக்க நிலைப் பயணங்களுக்கு வர மறுப்பார்கள். கடினமான இடத்துக்கு அனுப்பவோ மாற்று ஆள் இருக்காது. 12 பேரையாவது சுழற்றுங்கள்.

வாரன்ஸின் பாஸ் எதிரியான பன்றி இளவரசனோடு மோதும்போது பக்கத்தில் நிற்கும் குட்டி வில்பரை முதலில் கொல்லக் கூடாது. கொன்றால் பெரியவன் வெறிபிடித்து நால்வரையும் ஒருசேர அடிப்பான்.

பின்வாங்கத் தயங்குவதுதான் எல்லாவற்றிலும் விலை உயர்ந்த தவறு. பயணத்தைக் கைவிட்டால் ஸ்ட்ரெஸ் கொஞ்சம் ஏறும், ஆனால் அதுவரை எடுத்த தங்கம் உங்களுடையதே. நால்வரும் மடிந்தால் போட்டிருந்த டிரிங்கெட்டுகளும் (திறன் கூட்டும் அணிகலன்களும்) சேர்ந்தே போய்விடும். இருவரின் ஸ்ட்ரெஸ் 80ஐத் தாண்டி, சிகிச்சை செய்பவரும் தள்ளாடினால் பயணத்தைக் கைவிடும் கொடிப் பொத்தானை அழுத்துங்கள். சண்டைக்கு நடுவில் ஓட முயன்றால் அது தோற்கவும் கூடும், அதனால் அடுத்த அறைக் கதவைத் திறப்பதற்கு முன்பே.