எக்ஸிக்யூட்டர் 8 கிலோமீட்டரா 19ஆ? ஸ்டார் வார்ஸ் கப்பல் அளவு சண்டையில உருப்படியா வாதம் பண்றது எப்படி

ஸ்டார் வார்ஸ் ரசிகர்கள் நாலு பேர் சேர்ந்தா வில்லன் டார்த் வேடரோட போர்க்கப்பல் எக்ஸிக்யூட்டர் எவ்ளோ நீளம்ங்கிற பேச்சு வந்தே தீரும். ஒருத்தர் 8 கிலோமீட்டர்ம்பாரு, இன்னொருத்தர் 12.8ம்பாரு, மூணாவது ஆளு 17.6ம்பாரு, கடைசியா வர்றவர் 19னு அடிச்சு சொல்லுவாரு. நாலு பேருமே எங்கயோ படிச்சதத்தான் சொல்றாங்க. அதனால நீங்க இறங்குறதுக்கு முன்னாடி எந்த நம்பர் எங்கேர்ந்து வந்துச்சுன்னு தெரிஞ்சுக்கோங்க, அப்புறம் படத்தையே வச்சு நீங்களே அளந்து பாருங்க. இந்த ரெண்டும் இருந்தா போதும்.

முதல்ல எந்தக் கப்பல பத்தி பேசுறோம்னு கேட்டுடுங்க. ஸ்டார் டெஸ்ட்ராயர்ங்கிற போர்க்கப்பலவிட ரொம்ப பெரிய கப்பல்கள சூப்பர் ஸ்டார் டெஸ்ட்ராயர்ம்பாங்க, அப்படி பொதுவா சொன்னா ஒருத்தர் எக்ஸிக்யூட்டர நெனச்சிருப்பாரு, இன்னொருத்தர் காமிக்ஸ்ல வந்த 17.5 கிலோமீட்டர் எக்லிப்ஸ நெனச்சிருப்பாரு, புதுசா 2017 படத்துல இருந்து உள்ள வந்தவரு அதுல வர்ற வில்லன் ஸ்னோக்கோட கப்பல் சுப்ரமசிய சொல்லுவாரு. சுப்ரமசி 60 கிலோமீட்டர்ங்கிறது அகலம், முன்னாடியிருந்து பின்னாடி வரைக்கும் பாத்தா 13 கிலோமீட்டர் சொச்சம்தான். நீளத்துல எக்ஸிக்யூட்டர்தான் பெருசு. இத கவனிக்காம நடக்குற சண்டை எக்கச்சக்கம்.

இப்ப நம்பர் வரலாறு. சாதா ஸ்டார் டெஸ்ட்ராயர் 1,600 மீட்டர், இதுல பெரிய தகராறு இல்ல. எக்ஸிக்யூட்டர் 1980 படத்துல வந்துச்சு, 1987ல வெஸ்ட் எண்ட் கேம்ஸ் போட்ட விளையாட்டு புத்தகத்துல அது ஸ்டார் டெஸ்ட்ராயர மாதிரி அஞ்சு மடங்குன்னு கணக்கு போட்டு 8 கிலோமீட்டர்னு வச்சாங்க, அதையே பாத்து மத்த புத்தகங்களும் எழுதுச்சு. படத்த பாத்தா அஞ்சு மடங்குக்கு ரொம்ப மேல தெரியுதேன்னு ரசிகர்கள் விடாம கேட்டுக்கிட்டே இருந்தாங்க. கர்ட்டிஸ் சாக்ஸ்டன்னு ஒரு வானியற்பியல் ஆராய்ச்சியாளர், அவரும் ரசிகர்தான், காட்சி காட்சியா அளந்து 11 மடங்கு, அதாவது 17.6 கிலோமீட்டர்னு விலாவாரியா எழுதினாரு. நடுவுல அதிகாரபூர்வமா 12.8னு கொஞ்ச காலம் ஓடுச்சு. அப்புறம் 19 ஆச்சு, இன்னைக்கும் 19,000 மீட்டர்தான். ரசிகர்கள் உக்காந்து அளந்ததாலதான் ஒரு தப்பான நம்பர் இவ்ளோ தூரம் நகர்ந்துச்சுன்னு நான் உறுதியா நம்புறேன், எனக்கு இந்த ரசிகர் கூட்டத்துல ரொம்ப பிடிச்ச விஷயமே அதுதான்.

கேனான், அதாவது எது அதிகாரபூர்வ கதைங்கிற விஷயத்த சுருக்கமா சொல்லிடுறேன். 2014 ஏப்ரல்ல ஸ்டார் வார்ஸ் எடுக்குற லூகாஸ்ஃபில்ம் கம்பெனி பழைய நாவல், காமிக்ஸ், கேம் எல்லாத்தையும் அதிகாரபூர்வ கதையில சேராத லெஜெண்ட்ஸ்னு தனியா ஒதுக்கிட்டாங்க. அதுக்கு முன்னாடி ஜி கேனான் (படங்கள்), டி கேனான் (டிவி தொடர்), சி கேனான் (நாவல், காமிக்ஸ் மாதிரி மத்தது)னு படிநிலை இருந்துச்சு, லூகாஸோட படம்தான் உச்சி. யாராவது பழைய புத்தகத்த காட்டினா அது அந்தக் காலத்துல எந்தப் படியில இருந்துச்சு, இப்ப லெஜெண்ட்ஸான்னு மட்டும் பாருங்க. எந்தக் காலமா இருந்தாலும் படத்துல கண்ணுக்கு தெரியுறதுக்கு மரியாதை ஜாஸ்தி, அதனாலதான் அளக்கணும்னு சொல்றேன்.

அளக்குறது எப்படின்னா, நல்ல தரமான காப்பியில இருந்து ஃப்ரேம் எடுங்க, டிவிக்காக ஓரம் வெட்டினதோ இழுத்து விட்டதோ வேணாம். எக்ஸிக்யூட்டரும் ஸ்டார் டெஸ்ட்ராயரும் ஒரே திசைய பாத்து போற ஃப்ரேமா இருக்கட்டும், அப்பதான் கோணத்தால வர்ற சுருக்கம் ரெண்டுக்கும் கிட்டத்தட்ட ஒரே அளவா இருக்கும். ஏதாவது ஒரு இமேஜ் எடிட்டர்ல திறந்து மூக்குலேர்ந்து வால் வரைக்கும் பிக்சல் எண்ணுங்க. உதாரணத்துக்கு ஸ்டார் டெஸ்ட்ராயர் 160 பிக்சல், எக்ஸிக்யூட்டர் 1,500 பிக்சல் வந்துச்சுன்னு வைங்க, ஒரு பிக்சல் 10 மீட்டர், அப்ப எக்ஸிக்யூட்டர் 15 கிலோமீட்டர்.

இங்கயே நிறுத்திட்டு பதிவு போட்டுடாதீங்க, முக்கியமான வேலை இனிமேதான். கட்டைவிரல நீட்டினா நிலாவையே மறைச்சிடலாம்ல, அதே மாதிரி கேமராவுக்கு கிட்ட இருக்குற கப்பல் இருக்குறதவிட பெருசா தெரியும். ஸ்டார் டெஸ்ட்ராயர் எக்ஸிக்யூட்டருக்கு முன்னாடி, நம்ம பக்கம் நிக்குதுன்னா உங்களுக்கு வந்த 15 கிலோமீட்டர் குறைஞ்சபட்சம், நிஜம் அதவிட ஜாஸ்தி. பின்னாடி நிக்குதுன்னா 15ங்கிறது உச்சவரம்பு. எது எத மறைக்குதுன்னு பாத்தா முன்னயா பின்னயான்னு தெரிஞ்சிடும். இப்படி ஏழெட்டு ஃப்ரேம்ல எடுத்தா கீழ்வரம்பும் மேல்வரம்பும் ஒண்ண ஒண்ணு நெருங்கி வரும், ஒரே ஃப்ரேம வச்சு அடிச்சு பேசுறவங்களவிட நீங்க பத்து மடங்கு உறுதியா நிக்கலாம்.

ஆனா ஒண்ணு, அந்தக் காலத்துல ஒவ்வொரு கப்பல் மாடலையும் தனித்தனியா ஷூட் பண்ணி அப்புறம்தான் ஃபிலிம்ல ஒண்ணா சேர்த்தாங்க. ஒரு ஷாட்ல ரெண்டு கப்பலுக்கும் இருக்குற விகிதம் அத சேர்த்தவங்க முடிவு பண்ணது, அடுத்த ஷாட்ல கொஞ்சம் மாறத்தான் செய்யும். அதனால நான் அதிகமா நம்புறது மேல்தள கோபுரத்த வச்சு அளக்குறதத்தான். எக்ஸிக்யூட்டர் முதுகுல இருக்குற பிரிட்ஜ் டவர், அதாவது கப்பல இயக்குற கோபுரம், ஸ்டார் டெஸ்ட்ராயர் மேல இருக்குற அதே வடிவம், தலையில அதே ரெண்டு உருண்டை. டவர் ரெண்டுலயும் ஒரே அளவுன்னு எடுத்துக்கிட்டா ஸ்டார் டெஸ்ட்ராயர்லேர்ந்து டவரோட அகலத்த கண்டுபிடிச்சு, எக்ஸிக்யூட்டர் நீளத்துல அது எத்தன தடவ அடங்குதுன்னு பாத்தா போதும். எல்லாம் ஒரே மாடலுக்குள்ள நடக்குறதால ஷாட் சேர்த்த பிரச்சனை இதுல வராது. டவர் ஒரே அளவுன்னு நீங்க எடுத்துக்கிட்டது ஒரு அனுமானம், அத மட்டும் வெளிப்படையா சொல்லிடுங்க.

டவர சரிபாக்கவும் வழி இருக்கு, அதே 1980 படத்துல ஹான் சோலோவோட சின்னக் கப்பல் மில்லேனியம் ஃபால்கன் ஸ்டார் டெஸ்ட்ராயரோட டவருக்கு பின்னாடி ஒட்டிக்கிட்டு ஒளியும்ல, அந்த ஷாட்தான். ஆனா ஃபால்கனுக்கே பழைய புத்தகங்கள் 26.7 மீட்டர்னும் புது புத்தகங்கள் 34.75 மீட்டர்னும் சொல்லுது. எத அளவுகோலா எடுக்குறீங்களோ அத பொறுத்து உங்க விடை 30 சதவீதம் மாறும், அதனால எந்த ஃபால்கன்னு எழுதியே ஆகணும்.

நீளம் முடிஞ்சதும் ஆள் கணக்குக்கு வருவாங்க. எக்ஸிக்யூட்டர்ல சுமார் 2,79,000 பேருன்னு ஒரு நம்பர் சுத்திக்கிட்டு இருக்கும், ஸ்டார் டெஸ்ட்ராயர்ல சுமார் 37,000. ஏழரை மடங்குதான். அந்த நம்பர் கப்பல் 8 கிலோமீட்டரா இருந்த காலத்துல போட்டது, கப்பல் வளர்ந்துச்சு, ஆள் கணக்கு அப்படியே நின்னுடுச்சு. வடிவம் ஒண்ணாவே இருந்திருந்தா 12 மடங்கு நீளத்துக்கு கொள்ளளவு 1,700 மடங்கு ஆகும், எக்ஸிக்யூட்டர் ஒல்லிங்கிறதால அவ்ளோ வராது, ஆனாலும் ஏழரைங்கிறது ரொம்ப கம்மி. ரெண்டு காலத்து நம்பர ஒண்ணா ஒட்டி வச்சு கப்பல் காலியா கெடக்குதுன்னு யாராவது தியரி கட்டினா இத எடுத்து காட்டுங்க.

பதிவு எழுதும்போது எந்த படம், எத்தனாவது நிமிஷம், அளவுகோல் எது, கேமராவுக்கு எது கிட்ட, வந்தது கீழ்வரம்பா மேல்வரம்பா, இவ்ளோத்தையும் ஃப்ரேமோட சேர்த்து போடுங்க. எதிர்ல இருக்குறவரு அதே ஃப்ரேம திறந்து அளந்து பாக்கட்டும். அவருக்கு வேற நம்பர் வந்தா எந்தப் புள்ளியிலேர்ந்து எந்தப் புள்ளி வரைக்கும் எண்ணினீங்கன்னு கேளுங்க, பெரும்பாலும் வித்தியாசம் அங்கதான் இருக்கும். இது பழகிடுச்சுன்னா அடுத்தது ரெண்டாவது டெத் ஸ்டார்ங்கிற ராட்சத உருண்டை விண்வெளி நிலையம், குறுக்களவு 160 கிலோமீட்டர்னு ஒரு புத்தகமும் 900னு இன்னொண்ணும் சொல்லுது, எண்டோர்ங்கிற இடத்துல நடக்குற சண்டையில எக்ஸிக்யூட்டர் அது மேல போய் விழுற ஷாட்லேர்ந்து ஆரம்பிங்க.