நோயால் முறியும் எலும்பு: மெடிக்கல் கோடிங்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மெடிக்கல் கோடிங் என்பது மருத்துவப் பதிவில் உள்ள நோயையும் சிகிச்சையையும் குறியீடுகளாக மாற்றும் வேலை. ஒரு சார்ட்டை, அதாவது ஒரு நோயாளியின் மருத்துவப் பதிவை, எடுத்துக்கொள்வோம். நோயாளிக்கு 74 வயது. நாற்காலியிலிருந்து எழுந்து நின்றவர் தடுமாறி விழுந்திருக்கிறார். வலது தொடை எலும்பின் கழுத்துப் பகுதி முறிந்து, அறுவை சிகிச்சையும் முடிந்துவிட்டது. ஏற்கெனவே உள்ள நோய்களின் பட்டியலில் ரத்தக் கொதிப்பு, சர்க்கரை, கடைசியில் ஒரு ஓரமாக ஆஸ்டியோபோரோசிஸ், அதாவது எலும்பு அடர்த்தி குறையும் நோய். "விழுந்தார், முறிந்தது" என்று படித்ததுமே கை தானாக எஸ்72-க்குப் போகும். அடிபட்டு முறியும் தொடை எலும்புக்கான பிரிவு அது. கோடிங்கில் சேர்ந்த முதல் வருடம் நானும் இப்படித்தான் போட்டுக்கொண்டிருந்தேன். ஆடிட்டில் சார்ட்டுகள் திரும்பி வந்த பிறகுதான் உறைத்தது: விழுந்த கதையை மட்டும் படித்துவிட்டு, எலும்பு எப்படி இருந்தது என்பதைப் படிக்காமல் விட்டிருக்கிறேன்.

இந்த சார்ட்டுக்கு உரிய கோட் எம்80.051ஏ. நான் இங்கே பேசுவது அமெரிக்காவில் 2015 அக்டோபர் 1 முதல் நடைமுறையில் இருக்கும் ஐசிடி-10-சிஎம் என்ற நோய்க் குறியீட்டுத் தொகுப்பைப் பற்றி. அதன் நெறிமுறை இதில் தெளிவாகவே இருக்கிறது. ஆஸ்டியோபோரோசிஸ் இருப்பது தெரிந்த ஒருவருக்கு, ஆரோக்கியமான எலும்பை வழக்கமாக முறிக்காத அளவு சிறிய விழுகையாலோ அடியாலோ முறிவு ஏற்பட்டால், காயத்துக்கான கோட் போடக் கூடாது. ஆஸ்டியோபோரோசிஸால் வரும் முறிவுக்கான எம்80 பிரிவிலிருந்துதான் போட வேண்டும். நிற்கும் உயரத்திலிருந்தோ அதற்கும் கீழிருந்தோ விழுவதை இந்தச் சிறிய விழுகைக்கு அளவாகச் சொல்கிறார்கள். எந்த வகை ஆஸ்டியோபோரோசிஸ் என்று டாக்டர் எழுதாவிட்டாலும் எம்80.0-க்குக் கீழேதான் வரும்.

அதற்காக ஆஸ்டியோபோரோசிஸ் என்ற சொல்லைக் கண்டதும் எம்80-க்குத் தாவுவதும் தவறுதான். அதே நோயாளி கார் விபத்தில் சிக்கியிருந்தால், அந்த வேகம் யாருடைய எலும்பையும் முறித்திருக்கும். அப்போது எஸ்72 சரி. கூடவே ஆஸ்டியோபோரோசிஸுக்கு எம்81.0. நான்கு படி உருண்டு விழுந்தவர் போன்ற இடைப்பட்ட நிலைகளில் முறிவுக்கு எது காரணம் என்று டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

எலும்புக்குள் என்ன நடக்கிறது

எலும்பு கல் மாதிரி அப்படியே கிடப்பதில்லை. பழைய எலும்பை அரித்து எடுக்கும் செல்களும் புதிதாகக் கட்டும் செல்களும் வாழ்நாள் முழுக்க வேலை செய்துகொண்டே இருக்கின்றன. அரிப்பது ஆஸ்டியோகிளாஸ்ட், கட்டுவது ஆஸ்டியோபிளாஸ்ட். மாதவிடாய் நின்ற பிறகு ஈஸ்ட்ரோஜன் குறையும்போது அரிப்பவரின் கை ஓங்குகிறது. நெடுநாள் ஸ்டீராய்டு எடுப்பவர்களுக்கோ கட்டும் வேலையே தளர்ந்துபோகிறது. அதனால்தான் கோடும் வேறுபடுகிறது: மருந்தால் வந்த ஆஸ்டியோபோரோசிஸில் முறிவு என்றால் எம்80.8-க்குக் கீழே போய், அந்த மருந்தின் பாதக விளைவுக்கான கோடையும் சேர்க்க வேண்டும்.

புற்றுநோய் செய்வது வேறு. மார்பகம், நுரையீரல், சிறுநீரகம், தைராய்டு, புராஸ்டேட் ஆகியவற்றில் தொடங்கும் புற்று எலும்புக்குப் பரவுவது அதிகம். பரவிய செல்கள் பெரும்பாலும் ஆஸ்டியோகிளாஸ்டைத் தூண்டிவிட்டு எலும்பில் ஓட்டை போடுகின்றன. புராஸ்டேட் புற்று பெரும்பாலும் நேர்மாறாக எலும்பை அளவுக்கு மீறிக் கட்ட வைக்கும். எக்ஸ்ரேயில் வெள்ளை வெளேரென்று அடர்த்தியாகத் தெரிவதால் உறுதியான எலும்பு என்று நினைத்துவிடக் கூடாது; ஒழுங்கில்லாமல் கட்டப்பட்ட எலும்பு, அதுவும் முறியும்.

நம் பேச்சு வழக்கில் ஒரு சிக்கல் உண்டு. "எலும்பு தேய்மானம்" என்று மூட்டு தேய்வதையும் சொல்கிறோம், எலும்பு அடர்த்தி குறைவதையும் சொல்கிறோம். முன்னது ஆஸ்டியோஆர்த்ரைட்டிஸ், பின்னது ஆஸ்டியோபோரோசிஸ். இந்தத் துறைக்குப் புதிதாக வருபவர்கள் இரண்டையும் ஒன்றாகவே மனத்தில் வைத்திருப்பதை அடிக்கடி பார்க்கிறேன். ஆஸ்டியோபீனியா இன்னொன்று: எலும்பு அடர்த்தியைச் சொல்லும் டி-ஸ்கோர் −1-க்கும் −2.5-க்கும் இடையில் இருக்கும் நிலை. −2.5 அல்லது அதற்கும் கீழே போனால்தான் ஆஸ்டியோபோரோசிஸ். டாக்டர் ஆஸ்டியோபீனியா என்று எழுதியிருந்தால் அதை எம்80-க்குள் கொண்டுபோக முடியாது.

"கம்ப்ரஷன் ஃபிராக்சர்" என்ற இரண்டே சொற்கள்

என் அனுபவத்தில் அதிகத் தவறு நடப்பது முதுகெலும்பில்தான். முள்ளெலும்பு நசுங்கியிருக்கிறது என்று மட்டுமே ரிப்போர்ட் சொல்லும். காரணத்தைப் பொறுத்து அது பெரும்பாலும் போய்ச் சேரும் இடங்கள் நான்கு. உயரத்திலிருந்து விழுந்து அடிபட்டது என்றால் எஸ்22 அல்லது எஸ்32. ஆஸ்டியோபோரோசிஸால் என்றால் எம்80.08எக்ஸ்ஏ. புற்று பரவியதால் என்றால் எம்84.58எக்ஸ்ஏ. காரணம் எதுவுமே எழுதப்படவில்லை என்றால் எம்48.5-. இந்தக் கடைசிக் கோட் தவறில்லை, ஆனால் அது நோயாளியைப் பற்றி ஒன்றுமே சொல்லாத கோட். முள்ளெலும்பு முறிவுகளில் பல, விழாமலேயே, குனிந்து எதையாவது தூக்கும்போது நடந்துவிடுகின்றன. நோயாளி அதை முதுகுவலி என்று நினைத்துக்கொள்வார். வேறு எதற்கோ எடுத்த மார்பு எக்ஸ்ரேயில் தற்செயலாகத் தெரியவரும். ஒரு முறிவு வந்தவருக்கு அடுத்ததும் வரும் வாய்ப்பு அதிகம் என்பதால், ரெக்கார்டில் காரணம் சரியாகப் பதிவாவது அவருடைய சிகிச்சையைத் தொடும் விஷயம்.

எம்84.4-ஐயும் இப்படித்தான் பொதுக் கூடையாக்கிவிடுகிறோம். எலும்பு ஒழுங்கு தவறி வளரும் பேஜெட் நோய் போன்ற ஒரு நோயைக் காரணமாக டாக்டர் எழுதியிருந்தால் எம்84.6-உம் கூடவே அந்த நோயின் கோடும் வேண்டும். நோய்சார் முறிவு என்று மட்டும் எழுதி, எந்த நோய் என்று எங்குமே இல்லாத சார்ட்டுக்குத்தான் எம்84.4.

முறிவும் புற்றும் சேர்ந்து வரும்போது

இங்கே வரிசை முக்கியம். மார்பகப் புற்று தொடை எலும்புக்குப் பரவி, எலும்பு முறிந்து, கம்பி வைத்து நிலைப்படுத்த அட்மிட் ஆனார் என்றால் சிகிச்சை முறிவுக்கு. எம்84.55-இல் உரிய பக்கத்துக்கான கோட் முதலில், பிறகு எலும்புக்குப் பரவிய புற்றுக்கு சி79.51, மூலப் புற்றுக்கு உரிய கோட். வந்தது புற்றுக்கான சிகிச்சைக்கு, முறிவும் கூட இருக்கிறது என்றால் புற்றின் கோட் முன்னே வரும், எம்84.5 பின்னே. ரேடியேஷன் கொடுப்பதற்காகவே வந்தவருக்கு இசட்51.0 எல்லாவற்றுக்கும் முன்னால்.

இன்னும் முறியாத எலும்பை முறிந்ததாகக் காட்டுவதும் நடக்கிறது. புற்று அரித்த தொடை எலும்பு முறியும் நிலையில் இருக்கிறது என்று முன்கூட்டியே கம்பி வைப்பார்கள். ஆபரேஷன் நோட்டில் ஃபிராக்சர் என்ற சொல் பல முறை வரும். அதற்கு முன்னால் "இம்பென்டிங்" (வரப்போகும்) என்று இருப்பதைக் கண் தாண்டிப் போய்விடும். முறியவில்லை என்றால் முறிவுக்குக் கோட் கிடையாது. எலும்பில் உள்ள புற்றுக்கு மட்டும் கோட் போட வேண்டும்.

ஒருவருக்கு ஆஸ்டியோபோரோசிஸும் இருக்கிறது, எலும்பில் புற்றும் இருக்கிறது என்றால், முறிவுக்குக் காரணமாக நாமாக ஒன்றைத் தேர்ந்தெடுக்கவே கூடாது; டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

ஏழாவது எழுத்து

எம்80.051ஏ-இல் இருப்பது போல கோடின் கடைசியில் வரும் ஏ என்றால் முதல் விசிட் என்று மனப்பாடம் செய்தவர்கள் இன்றும் இருக்கிறார்கள். ஏ என்பது முறிவுக்கான நேரடிச் சிகிச்சை (ஆக்டிவ் ட்ரீட்மென்ட்) நடக்கும் காலம் முழுவதற்கும் உரியது. நடுவில் டாக்டர் மாறினாலும் சிகிச்சை தொடர்கிறது என்றால் ஏ-தான். சிகிச்சை முடிந்து, எலும்பு ஒழுங்காகச் சேர்ந்துவருகிறதா என்று பார்க்க வரும்போது டி. சேர்வது தாமதமானால் ஜி, சேரவே இல்லையென்றால் கே, கோணலாகச் சேர்ந்தால் பி (P), பின்விளைவுக்கு எஸ். சேராத எலும்புக்கு மறுபடி அறுவை சிகிச்சை செய்கிறார்கள் என்றால், புதிய அறுவை சிகிச்சைதானே என்று ஏ போடத் தோன்றும். அங்கே கே வர வேண்டும். கோட் ஆறு இடத்தை நிரப்பாதபோது நடுவில் எக்ஸ் வைக்காமல் ஏழாவது எழுத்தை ஒட்டினால் அது செல்லாத கோட்.

எம்80-இலும் இந்த எம்84 பிரிவுகளிலும் திறந்த முறிவுக்குத் தனி எழுத்து இல்லை. எஸ் கோடுகளின் பழக்கத்தில் அதைத் தேட வேண்டாம்.

பழைய முறிவு, புதிய முறிவு

எம்80 என்றால் முறிவு இப்போது இருக்கிறது என்று பொருள். ஐந்து வருடத்துக்கு முன் மணிக்கட்டு முறிந்து, ஆறி, இன்று ஆஸ்டியோபோரோசிஸ் மருந்துக்காக மட்டும் வந்தவருக்கு எம்81.0, அதோடு இசட்87.310. இந்த இரண்டாவது கோடை விட்டுவிடுபவர்கள் ஏராளம். முன்பு ஒரு முறிவு வந்தது என்ற தகவலைச் சுமப்பது அந்தக் கோட்தான். அதை விட்டால் அவருடைய வரலாற்றிலிருந்து ஒரு பக்கத்தைக் கிழித்த மாதிரி.

மற்றவை சுருக்கமாக. ஓட்டப் பயிற்சி போன்ற தொடர் அழுத்தத்தால் நல்ல எலும்பில் வரும் ஸ்ட்ரெஸ் முறிவு எம்84.3. பிஸ்பாஸ்பொனேட் என்ற ஆஸ்டியோபோரோசிஸ் மருந்தை நெடுநாள் எடுப்பவர்களிடம் காணப்படும், டாக்டர் "எடிபிகல்" (வழக்கத்துக்கு மாறான) என்று எழுதும் தொடை எலும்பு முறிவு எம்84.75. செயற்கை மூட்டைச் சுற்றியுள்ள எலும்பு முறிந்தால் எம்97; முறிவின் வகையும் காரணமும் தெரிந்தால் அதற்கான கோட் எம்97-க்கு முன்னால் வரும்.

டாக்டரிடம் கேட்பது

எலும்பு அடர்த்தியை அளக்கும் டெக்சா ரிப்போர்ட்டில் −3.1 என்ற எண் இருக்கிறது, மருந்துப் பட்டியலில் ஆஸ்டியோபோரோசிஸுக்குக் கொடுக்கும் அலெண்ட்ரோனேட் இருக்கிறது, ஆனால் ஆஸ்டியோபோரோசிஸ் என்று டாக்டர் எங்குமே எழுதவில்லை. நமக்கு விடை தெரிந்த மாதிரித்தான் இருக்கும். இருந்தாலும் எண்ணிலிருந்தும் மாத்திரையிலிருந்தும் நோயைக் கண்டுபிடிப்பது கோடரின் வேலை இல்லை. டாக்டருக்குக் குவெரி, அதாவது எழுத்தில் ஒரு கேள்வி, அனுப்ப வேண்டும். "இது ஆஸ்டியோபோரோசிஸ் முறிவுதானே?" என்று கேட்டால் பதிலை நாமே டாக்டரின் வாயில் திணிக்கிறோம், அந்தக் குவெரி ஆடிட்டில் நிற்காது. நான் இப்போது இப்படி எழுதுகிறேன்: "நோயாளி நிற்கும் நிலையிலிருந்து விழுந்ததாகப் பதிவு. டெக்சா டி-ஸ்கோர் −3.1. அலெண்ட்ரோனேட் எடுத்துவருகிறார். வலது தொடை எலும்பு முறிவின் காரணத்தை உங்கள் மருத்துவ முடிவின்படி குறிப்பிடவும்: காயத்தால் ஏற்பட்டது, ஆஸ்டியோபோரோசிஸால் ஏற்பட்டது, வேறு நோயால் ஏற்பட்டது (நோயின் பெயரைக் குறிப்பிடவும்), வேறு காரணம், தீர்மானிக்க இயலவில்லை."