கிரீஸ் போகிறீர்களா? முதலில் இரவுகளை எண்ணுங்கள்

சங்கப் பாடல்களில் வரும் யவனர் என்ற சொல்லுக்கு வேர் அயோனியா. ஈஜியன் கடலோரக் கிரேக்கர்களின் பெயர் அது. மிளகு வாங்கக் கப்பலில் வந்தவர்களின் ஊரை ஒருமுறையாவது நேரில் பார்த்துவிட வேண்டும் என்று பல வருடம் ஆசைப்பட்டேன். போயும் வந்தேன். ஆனால் என் முதல் விசா விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது, இரண்டாவதில்தான் கிடைத்தது. நடுவில் கற்றுக்கொண்டதை, முதல்முறை வெளிநாடு போகிறவருக்கும் புரிகிற மாதிரி வரிசையாகச் சொல்கிறேன்.

படி 1: எந்த மாதம்?

ஏப்ரல், மே இரண்டும் நல்ல மாதங்கள். செப்டம்பர் கடைசியும் அக்டோபரும் அப்படியே. ஜூலை, ஆகஸ்டில் வேண்டாம். வெயிலுக்குப் பழகியவர்கள்தானே நாம் என்று நினைக்காதீர்கள். ஏதென்ஸின் பழைய கோயில்கள் நிற்கும் அக்ரோபொலிஸ் குன்றின் மேலே ஒதுங்க நிழலே கிடையாது, அனல் அடிக்கும் நாட்களில் மதிய நேரத்தில் மூடியும் விடுவார்கள். குளிர்காலத்தில் கூட்டம் குறைவு, ஆனால் பல இடங்களை மதியத்துக்கு மேல் சீக்கிரமே பூட்டிவிடுவார்கள்.

தேதி குறிக்கும்போது மார்ச் 25, மே 1, கிரேக்க ஈஸ்டர் ஞாயிறு ஆகிய நாட்களில் தொல்லியல் இடங்கள் மூடியிருக்கும் என்பதைக் கவனியுங்கள். கிரேக்க ஈஸ்டர் பெரும்பாலும் நம் காலண்டரில் இருக்கும் ஈஸ்டர் அன்று வராது, தனியாகத் தேடிப் பாருங்கள்.

படி 2: இரவுக் கணக்கு

என்னைக் கேட்டால் மொத்த வேலையிலும் முக்கியமானது இதுதான். ஒரு தாளில் தேதி, அன்று இரவு தூங்கும் ஊர் என்று இரண்டே கட்டம் போடுங்கள். "எதையெல்லாம் பார்ப்பேன்" என்பது அப்புறம். விசா அதிகாரி முதலில் பார்ப்பது நீங்கள் ஒவ்வொரு இரவும் எங்கே இருக்கிறீர்கள் என்பதைத்தான்.

பழைய வரலாற்றுக்காகவே போகிறவருக்கு ஒன்பது இரவு போதும். ஏதென்ஸ் மூன்று, அப்பல்லோ கோயில் இருக்கும் டெல்ஃபி ஒன்று, திரும்ப ஏதென்ஸ் ஒன்று, கடலோர ஊரான நாஃப்பிலியோ மூன்று, கடைசியாக ஏதென்ஸ் ஒன்று. நாஃப்பிலியோவில் மூன்று இரவு எதற்கு என்றால், மைசீனே, எபிடௌரஸ் என்ற இரண்டு தொல்லியல் இடங்களும் அங்கிருந்து முப்பது கிலோமீட்டருக்குள்தான். மைசீனேயில் சிங்க வாசல், சுமார் கி.மு. 1250. எபிடௌரஸில் கி.மு. 4-ம் நூற்றாண்டு அரங்கம், மொத்தம் 55 வரிசை. சாண்டோரினித் தீவை விட்டுவிட மனசு வராதுதான். ஆனால் பத்து நாள் பயணத்தில் தீவையும் சேர்த்தால் பாதி நேரம் கப்பல் துறையில் போய்விடும். முதல் பயணத்தில் விட்டுவிடுங்கள்.

இப்போது என் தவறு. பயணத் திட்டத்தில் நாஃப்பிலியோ இரண்டு இரவு என்று எழுதியிருந்தேன். ஹோட்டல் பதிவில் அதே இரண்டு இரவும் ஏதென்ஸ் என்று இருந்தது. திட்டத்தை மாற்றினேன், பதிவை மாற்ற மறந்துவிட்டேன். திரும்பி வந்த தாளில், பயண நோக்கமும் தங்கும் விவரமும் நம்பும்படி இல்லை என்ற வரிக்குப் பக்கத்தில் ஒரு டிக். அவ்வளவுதான், கட்டிய பணம் போனது. ஆகவே திட்டம், ஹோட்டல், விமானம், பயண மருத்துவக் காப்பீடு, விசா அதிகாரிக்கு எழுதும் முகப்புக் கடிதம் என்ற ஐந்தையும் மேசையில் பரப்பி, தேதிகளைப் பேனாவால் ஒவ்வொன்றாகத் தொட்டுச் சரிபாருங்கள். 10-ம் தேதி இரவு சென்னையில் ஏறினால் 11-ம் தேதிதான் இறங்குவீர்கள். ஹோட்டல் பதிவு 11-ல் தொடங்க வேண்டும்.

படி 3: எந்த நாட்டு விசா?

கிரீஸ் ஷெங்கன் நாடுகளில் ஒன்று. மொத்தம் 29 நாடுகளுக்கு ஒரே விசா. கிரீஸ் மட்டும் போனால் யோசிக்க ஒன்றுமில்லை. ரோமையும் சேர்க்கிறீர்கள் என்றால் எந்த நாட்டில் அதிக நாட்களோ அந்த நாட்டிடம் விண்ணப்பிக்க வேண்டும். சமமாக இருந்தால் முதலில் நுழையும் நாடு.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. கிரேக்கத் தீவுகளில் இருந்து படகில் துருக்கிக்குப் போய் பழைய கிரேக்க நகரமான எபேசஸைப் பார்த்துவிட்டுத் திரும்புவது வரலாற்று ஆர்வலர்கள் பலருக்கு ஆசை. துருக்கி ஷெங்கனில் இல்லை. ஒருமுறை நுழைவு விசாவில் வெளியே போனால் திரும்பக் கிரீஸுக்குள் வர முடியாது. அந்த எண்ணம் இருந்தால் இரண்டு அல்லது பலமுறை நுழைவு என்று கேட்டு, காரணத்தை முகப்புக் கடிதத்தில் எழுதிவிடுங்கள். துருக்கிக்கு வேறு விசா வேண்டும் என்பதையும் மறக்காதீர்கள்.

படி 4: கோப்பு

பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். குறைந்தது 15 நாள் முன்பாவது கொடுத்திருக்க வேண்டும். முடிவு சொல்ல 15 நாள் என்பது விதி, 45 நாள் வரைக்கும் நீளலாம். கோடை விடுமுறைக்கு முன்னால் விசா மையத்தில் நேரம் கிடைப்பதே கஷ்டம். மூன்று மாதம் முன்னால் வேலையைத் தொடங்குங்கள்.

பாஸ்போர்ட் நீங்கள் ஐரோப்பாவை விட்டுக் கிளம்பும் நாளுக்குப் பிறகும் மூன்று மாதம் செல்லுபடியாக வேண்டும், இரண்டு வெற்றுப் பக்கமாவது இருக்க வேண்டும். பழைய பாஸ்போர்ட் இருந்தால் அதையும் எடுத்துச் செல்லுங்கள். புகைப்படம் 35-க்கு 45 மில்லிமீட்டர். ஸ்டுடியோவில் "ஷெங்கன் சைஸ்" என்றாலே புரிந்துகொள்வார்கள். காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு, எல்லா ஷெங்கன் நாடுகளுக்கும் சேர்த்து. விமானத்துக்கு முன்பதிவுத் தாள் போதும், விசா வரும் முன் முழுப் பணம் கட்டி டிக்கெட் எடுக்க வேண்டாம். ஹோட்டலும் இலவசமாக ரத்து செய்யக்கூடியதாக இருக்கட்டும். ஆனால் உண்மையான பதிவாக இருக்கட்டும். போலிப் பதிவு செய்து தருகிறோம் என்பவர்களிடம் போகவே போகாதீர்கள்.

பணம் பற்றிய தாள்களில்தான் பலர் தடுமாறுகிறார்கள். வங்கிக் கணக்கு விவரத்தை வங்கி முத்திரையோடு வாங்குங்கள். விண்ணப்பத்துக்கு ஒரு வாரம் முன்னால் மாமாவிடம் வாங்கி மூன்று லட்சம் போடுவது உதவாது. திடீரென்று வந்த தொகை சந்தேகத்தைத்தான் கிளப்பும். உண்மையிலேயே சீட்டு எடுத்த பணமோ நிலம் விற்ற பணமோ என்றால் அதற்கான தாளைச் சேர்த்து வையுங்கள். வருமான வரித் தாக்கல், சம்பளச் சீட்டு, அலுவலக விடுப்புக் கடிதம் எல்லாம் நீங்கள் திரும்பி வருவீர்கள் என்பதற்கான சாட்சிகள். சொந்தக் கடை வைத்திருப்பவர் ஜிஎஸ்டி பதிவைக் கொடுக்கலாம்.

முகப்புக் கடிதம் ஒரே பக்கம். யார், எதற்காக, எந்தத் தேதி, யார் செலவு, திரும்பி வந்து என்ன வேலை. டெல்ஃபி ஏன் போகிறீர்கள் என்று ஒரு வரி மனதாரச் சொன்னால் போதும்.

கட்டணம் பெரியவருக்கு 90 யூரோ, 6 முதல் 12 வயதுக்குள் இருக்கும் பிள்ளைக்கு 45, ஆறு வயதுக்குக் கீழே இல்லை. மையத்தின் சேவைக் கட்டணம் தனி. முதல்முறை என்றால் நேரில் போய்க் கைரேகை வைக்க வேண்டும்.

படி 5: விசா ஒட்டி வந்ததும்

அந்த ஸ்டிக்கரை நிதானமாகப் படியுங்கள். "இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை" என்று ஒன்று இருக்கும், "எத்தனை நாள்" என்று இன்னொன்று இருக்கும். இரண்டும் வேறு வேறு. முன்னது கதவு திறந்திருக்கும் காலம், பின்னது உள்ளே இருக்கக்கூடிய நாட்கள். இறங்கும் நாள், கிளம்பும் நாள் இரண்டுமே கணக்கில் சேரும். ஒன்பது இரவு என்றால் பத்து நாள்.

சரி, இப்போது விமான டிக்கெட் எடுங்கள். அடுத்த வேலை அக்ரோபொலிஸ் டிக்கெட். நாளுக்கு இத்தனை பேர், மணிக்கு இத்தனை பேர் என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். 2025 ஏப்ரலில் இருந்து கட்டணம் 30 யூரோ. கிரேக்கப் பண்பாட்டு அமைச்சகத்தின் டிக்கெட் தளத்திலேயே வாங்குங்கள், காலை 8 மணி நேரத்தைப் பிடியுங்கள். பளிங்குப் படிகளும் பாறையும் ஆயிரக்கணக்கானவர்கள் மிதித்து வழவழவென்று இருக்கும், பிடிப்புள்ள ஷூ வேண்டும்.

மேலே போனதும் அங்கிருக்கும் பெரிய கோயிலான பார்த்தெனானின் மூலையில் நின்று, படிக்கட்டின் விளிம்போடு கண்ணை ஓட்டுங்கள். நேர்கோடு என்று நினைத்தது நடுவில் மெல்ல மேடாகி மறுபடி இறங்கும். கிட்டத்தட்ட 70 மீட்டர் நீளத்துக்கு 11 சென்டிமீட்டர் ஏற்றம், வேண்டுமென்றே கட்டியது. கி.மு. 447-ல் தொடங்கிய வேலை. அந்த வளைவைக் கண்ணால் பிடித்த நொடியில் எனக்குக் கை சிலிர்த்தது.

படி 6: உள்ளே நடமாட

விமான நிலையத்தில் இருந்து நகருக்கு மெட்ரோ உண்டு, முக்கால் மணி நேரத்துக்குள் வந்துவிடலாம். டெல்ஃபிக்குப் பேருந்து, மூன்று மணி நேரம். நாஃப்பிலியோவுக்கும் பேருந்துதான், ஆனால் ஏதென்ஸில் வேறு நிலையம். இரண்டையும் குழப்பிக்கொண்டால் நகரத்தின் குறுக்கே ஓட வேண்டியிருக்கும்.

டெல்ஃபியில் ஒரு இரவு தங்கச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. ஒருநாள் சுற்றுலாப் பேருந்துகள் வந்து சேரும் முன்னால், காலையில் அப்பல்லோ கோயில் பக்கம் பறவைச் சத்தம்தான் கேட்கும். பிறகு அருங்காட்சியகம், அங்கே வெண்கலத் தேரோட்டி சிலை. ஆள் உயரம், கையில் கடிவாளத்தின் மிச்சம். பக்கத்தில் போய்க் கண்ணைப் பாருங்கள். இமை முடிகளைக்கூடச் செம்பில் தனித்தனியாகச் செய்து வைத்திருக்கிறான் அந்தச் சிற்பி. சுமார் 2,500 வருடமாக அந்த இமைகள் அப்படியே இருக்கின்றன.

சைவச் சாப்பாடு கிடைக்குமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். கிடைக்கும். "நிஸ்தீசிமா" என்று கேளுங்கள். அது அவர்களின் விரத உணவு. இறைச்சி, முட்டை, பால் இருக்காது. கணவாய், இறால் சிலசமயம் வரும், அதை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். ஆலிவ் எண்ணெயில் வெந்த பெரிய வெள்ளை பீன்ஸும் ரொட்டியும் எனக்குப் பல இரவு சாப்பாடாக இருந்தது.

படி 7: திரும்பி வந்த பிறகு

போர்டிங் பாஸ், ஹோட்டல் ரசீது எல்லாவற்றையும் ஒரு உறையில் போட்டு பாஸ்போர்ட்டோடு வையுங்கள். 2025 அக்டோபரில் இருந்து எல்லையில் முத்திரைக்குப் பதிலாகக் கணினிப் பதிவு படிப்படியாக வந்துவிட்டதால், போய் வந்ததற்கான தாள் நம் கையில் இருப்பது நல்லது. மூன்று வருடத்துக்குள் இரண்டு ஷெங்கன் விசாவை ஒழுங்காகப் பயன்படுத்தியிருந்தால், இந்தியாவில் வசிக்கும் இந்தியர்களுக்கு இரண்டு வருடப் பலமுறை நுழைவு விசா கொடுக்கலாம் என்று 2024 ஏப்ரலில் விதி வந்திருக்கிறது. என் உறையில் ஒரு விசாவுக்கான தாள்கள் இருக்கின்றன. அடுத்தது ஒலிம்பியா, கிரீட். இரவுக் கணக்கு போட ஆரம்பித்துவிட்டேன்.