பத்துக்குப் பத்து அறைக்கு எந்த மானிட்டர் ஸ்பீக்கர்?

பல்லடத்திலிருந்து சோமனூர் வரைக்கும் இப்போது வீட்டிலேயே பாட்டு ரெக்கார்டிங் செய்கிறவர்கள் பெருகிவிட்டார்கள். வள்ளிக்கும்மிக் குழுக்கள் தங்கள் பாட்டைத் தாங்களே பதிவுசெய்து யூட்யூபில் போடுகிறார்கள். மாரியம்மன் நோம்பிக்குப் புதுப் பாட்டு வேண்டும் என்று ஊர்க்காரர்கள் தேடி வருகிறார்கள். நானும் வீட்டு அறையில் உட்கார்ந்து, பதிவான குரலையும் வாத்தியங்களையும் சேர்த்துச் சமன்செய்யும் மிக்ஸிங் வேலையைத்தான் செய்கிறேன். புதிதாகத் தொடங்கும் பையன்கள் வந்தால் முதல் கேள்வியே, "ஏனுங்ணா, அஞ்சு இஞ்சு வாங்கட்டுங்களா, எட்டு இஞ்சு வாங்கட்டுங்களா?" என்பதாகத்தான் இருக்கும். இஞ்சு என்பது ஊஃபரின், அதாவது பேஸ் ஒலி தரும் பெரிய கோனின், அளவு. "ரூம் எத்தன அடிங்க தம்பி?" என்று கேட்காமல் நான் பதில் சொல்வதில்லை. குறைந்த பட்ஜெட்டில் எந்த ஸ்பீக்கர் என்பதைப் பாதி முடிவுசெய்வது அந்த அறைதான்.

மானிட்டர் ஸ்பீக்கர் எதற்கு என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஹோம் தியேட்டரும் ப்ளூடூத் ஸ்பீக்கரும் பாட்டு இனிமையாகக் கேட்க வேண்டும் என்று பேஸையும் ட்ரெபிளையும் கொஞ்சம் தூக்கிக் காட்டும். அதில் மிக்ஸ் செய்தால், பேஸ் நிறைய இருக்கிறது என்று நினைத்து நீங்கள் குறைத்துவிடுவீர்கள். அந்தப் பாட்டு வேறு இடத்தில் ஓடும்போது உடம்பே இல்லாமல் கேட்கும். பாட்டில் என்ன இருக்கிறதோ அதைக் கூட்டாமல் குறைக்காமல் காட்டுவதுதான் மானிட்டரின் வேலை. ஆம்ப்ளிஃபயர் உள்ளேயே இருப்பதால் தனியாக வாங்க வேண்டியதில்லை. மைக்கையும் ஸ்பீக்கரையும் கம்ப்யூட்டரோடு இணைக்கும் இன்டர்ஃபேஸ் பெட்டியிலிருந்து நேராகக் கேபிள் போட்டால் போதும்.

இனி அறை. நம் பக்கம் கான்கிரீட் வீடுகளில் ஒதுக்கித் தரும் அறை பெரும்பாலும் பத்துக்குப் பத்து. உயரமும் கிட்டத்தட்ட பத்தடி. மூன்று பக்கமும் ஒரே அளவு என்பது ஒலிக்கு இருப்பதிலேயே மோசமான அமைப்பு. கணக்கு எளிது. ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் ஓடுகிறது. 10 அடி என்றால் 3.05 மீட்டர். 343ஐ அதன் இரண்டு மடங்கால், அதாவது 6.1ஆல் வகுத்தால் 56 வரும். அந்த 56 ஹெர்ட்ஸ் ஒலி, அதாவது நொடிக்கு 56 முறை அதிரும் ஆழமான பேஸ், உங்கள் அறையில் எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே மாட்டிக்கொண்டு நிற்கும். நீளம், அகலம், உயரம் மூன்றும் ஒன்றாக இருந்தால் மூன்று திசையிலும் அதே 56 ஹெர்ட்ஸ்தான் மாட்டும். அதற்கு மேலே 112, 168 என்று அதன் மடங்குகளும் வரும்.

இதைக் காதால் பார்த்துவிடலாம். பேஸ் கிட்டாரில் ஏ கம்பியைத் திறந்து அடித்தால் 55 ஹெர்ட்ஸ். கிட்டார் இல்லையென்றால் டோன் ஜெனரேட்டர் ஆப்பில் 56 ஹெர்ட்ஸ் வைத்து ஸ்பீக்கரில் ஓடவிடுங்கள். சத்தத்தைக் கூட்ட வேண்டாம். சுவரோடு சாய்ந்து நின்று கேளுங்கள், நெஞ்சில் மோதும். அப்படியே மெதுவாக அறையின் நடுவுக்கு நடந்து வாருங்கள். நடுவில் அந்தச் சத்தமே காணாமல் போகும். இன்னும் நாலடி நடந்தால் திரும்ப வந்துவிடும். ஸ்பீக்கரைத் தொடவே இல்லை, வால்யூமும் மாற்றவில்லை. நாற்காலியை அறையின் சரிநடுவில் போட்டு மிக்ஸ் செய்கிறவர் பேஸ் போதவில்லை என்று ஏற்றிக்கொண்டே போவதும், சுவரோரம் உட்கார்ந்தவர் இறக்கிக்கொண்டே போவதும் இதனால்தான். ஒரு லட்ச ரூபாய் ஸ்பீக்கர் வைத்தாலும் இது மாறாது.

அதனால்தான் இந்த அளவு அறைக்கு எட்டு இஞ்சு வேண்டாம் என்கிறேன். எட்டு இஞ்சு ஊஃபர் 40 ஹெர்ட்ஸ் வரை இறங்கும். இறங்குகிற இடமெல்லாம் உங்கள் அறை குழப்புகிற இடம். காசு கொடுத்துக் குழப்பத்தை வாங்குவானேன்? பத்துக்குப் பத்துக்கு ஐந்து இஞ்சு சரியான அளவு. அதற்கும் பணம் பத்தாதென்றால் மூன்றரை இஞ்சில் தொடங்கி, கூடவே ஒரு நல்ல ஹெட்ஃபோன் வைத்துக்கொள்ளலாம். பன்னிரண்டுக்குப் பதினாறு போல ஹால் கிடைத்தால் அப்போது ஆறரை, ஏழு இஞ்சைப் பற்றி யோசிக்கலாம்.

கடைக்காரர் காட்டும் அட்டையில் எத்தனை ஹெர்ட்ஸ் முதல் என்று போட்டிருக்கும். அதைப் படிக்கத் தெரிய வேண்டும். யமஹா எச்எஸ்5க்கு 54 ஹெர்ட்ஸ் முதல் என்று இருக்கும். அது சத்தம் 10 டெசிபல் இறங்கிய பிறகு உள்ள கணக்கு. 3 டெசிபல் கணக்கில் பார்த்தால் அதே பெட்டிக்கு 74 ஹெர்ட்ஸ்தான். இதில் ஏமாற்று வேலை எதுவும் கிடையாது, இரண்டையும் அந்தக் கம்பெனியே வெளியிடுகிறது. ஒரு கம்பெனியின் 10 டெசிபல் எண்ணையும் இன்னொன்றின் 3 டெசிபல் எண்ணையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் தப்பான முடிவுக்குத்தான் வருவீர்கள்.

நம் கைக்கு எட்டும் விலையில் நான் பரிந்துரைப்பவை சிலதான். எச்எஸ்5 மிட் ஒலிகளை, அதாவது குரல் நிற்கும் பகுதியை, ஒளிக்காமல் காட்டும். பேஸ் ஒல்லியாகத்தான் இருக்கும். அந்த வெள்ளைக் கோன் 1978இல் வந்த யமஹா என்எஸ்-10இன் வாரிசு அடையாளம். வீட்டில் பாட்டுக் கேட்க என்று வந்த அந்தப் பெட்டி, மிக்ஸில் உள்ள குறையை முகத்துக்கு நேரே சொன்னதால் உலகம் முழுக்க ஸ்டுடியோக்களில் போய் உட்கார்ந்தது. குரலை முன்னால் வைத்துப் பாட்டு செய்கிறவர்களுக்கு என் முதல் தேர்வு எச்எஸ்5. ஜேபிஎல் 305பி மார்க் 2 கொஞ்சம் ஆழமாக இறங்கும், உட்காரும் இடம் சற்றே மாறினாலும் ஒலி அதிகம் மாறாது. பாட்டு நிறுத்தியிருக்கும்போது, கூர்மையான ஒலி தரும் சின்ன ஸ்பீக்கரான ட்வீட்டரிலிருந்து லேசான 'ஸ்ஸ்' வருகிறது என்று பலர் சொல்வார்கள். இரவில் அமைதியான அறையில் வேலை செய்கிறவர்கள் அதை முதலில் கேட்டுப் பார்த்துவிடுங்கள். ஆடம் டி5வியின் ரிப்பன் ட்வீட்டர் சலங்கை, தாளம் போன்ற கூர்மையான ஒலிகளைப் பிரித்துக் காட்டும். கேஆர்கே ராக்கிட் 5, மஞ்சள் கோன் உள்ளது, பீட் போடுகிறவர்களுக்குப் பிடிக்கும். பிரிசோனஸ் ஈரிஸ் வரிசையில் மூன்றரை இஞ்சு ஜோடிதான் குறைந்த பட்ஜெட்டுக்கு நான் சொல்வது.

விலை பார்க்கும்போது ஒரு விஷயம். ஐந்து இஞ்சு மானிட்டர்களைப் பெரும்பாலும் ஒற்றையாகத்தான் விற்பார்கள். ஆன்லைனில் தெரியும் விலை ஒரு பெட்டிக்கானது. மூன்றரை இஞ்சு ஜோடியாகவே வரும். ஐந்து இஞ்சில் ஜோடி என்றால் 25,000 ரூபாய்க்கு மேல் ஆகும் என்று வைத்துக்கொண்டு கிளம்புங்கள். கேபிளுக்கும் ஸ்டாண்டுக்கும் தனியாகக் கொஞ்சம் எடுத்து வையுங்கள்.

அடுத்தது பேஸுக்காகக் காற்று வெளியேறும் பெட்டியின் ஓட்டை, அதாவது போர்ட். எச்எஸ்5, 305பி, டி5வி மூன்றுக்கும் பின்பக்கம். ராக்கிட் 5, ஈரிஸ் ஈ5, காலி (Kali) என்ற கம்பெனியின் எல்பி-6 இவற்றுக்கு முன்பக்கம். சின்ன அறையில் சுவரை ஒட்டித்தான் மேசை போட முடியும் என்றால் முன்பக்க ஓட்டை கொஞ்சம் வசதி. ஆனால் முன் ஓட்டை இருந்தால் சுவரோடு ஒட்டி வைத்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். பேஸ் நாலா பக்கமும் பரவுவது, சுவர் அருகில் இருந்தால் எந்தப் பெட்டியாக இருந்தாலும் ஏறும். அதற்காகவே எச்எஸ்5இன் பின்னால் ரூம் கன்ட்ரோல் என்று ஒரு ஸ்விட்ச் இருக்கிறது: 0, -2, -4. சுவர் நெருக்கமாக இருந்தால் -2இல் வைத்துக் கேட்டுப் பாருங்கள்.

உட்காரும் இடத்துக்கு ஒரு தொடக்கக் கணக்கு உண்டு: ஸ்பீக்கர் பார்க்கும் திசையில் அறை நீளத்தில் 38 சதவீதம். பத்தடி அறையில் முன்சுவரிலிருந்து, அதாவது ஸ்பீக்கருக்குப் பின்னால் உள்ள சுவரிலிருந்து, மூன்றே முக்கால் அடியில் காது. இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவே மூன்றடி, ஒவ்வொன்றிலிருந்தும் காதுக்கு மூன்றடி. ட்வீட்டர் காது உயரத்தில். இதற்கு விலை உயர்ந்த ஸ்டாண்ட் தேவையில்லை. கோவை கணபதிப் பக்கம் இருப்பது மாதிரி ஏதாவது ஒரு வெல்டிங் பட்டறையில் சதுரக் குழாயில் செய்துகொண்டு, குழாய்க்குள் காய்ந்த எம்-சாண்டை நிரப்பி மூடிவிடுங்கள். மணல் நிரம்பிய குழாய் அதிராது. மேலே ஒரு ரப்பர் ஷீட் போட்டுப் பெட்டியை வையுங்கள்.

அறையில் இரும்பு பீரோ இருக்கிறதா? பேஸ் அடிக்கும்போது அதன் கதவு கூடவே முனகும், அதைப் பாட்டில் உள்ள குறை என்று தேடிக்கொண்டிருப்பீர்கள். பீரோவை வேறு அறைக்குத் தள்ளுங்கள், முடியாவிட்டால் கதவிடுக்கில் துணி மடித்துச் செருகுங்கள். அப்புறம் பக்கச் சுவர்கள். நீங்கள் உங்கள் இடத்தில் உட்கார்ந்திருக்க, ஒருவர் சுவரோரமாக முகக்கண்ணாடியை நகர்த்திக்கொண்டே வரட்டும். கண்ணாடியில் ஸ்பீக்கர் தெரியும் இடத்தில்தான் ஒலி சுவரில் பட்டு உங்கள் காதுக்குத் திரும்புகிறது. அங்கே மெத்தை மாதிரி ஏதாவது வேண்டும். பவானி ஜமக்காளத்தைச் சுவரில் தொங்கவிட்டால் கைதட்டல் எதிரொலி அடங்கும், பேஸுக்கு அது ஒன்றும் செய்யாது. பேஸை அடக்கத் தடிமன் வேண்டும். அரையடி ஆழத்தில் மரச்சட்டம் அடித்து, உள்ளே ராக்வூல் என்ற கற்பஞ்சு வைத்துத் துணி போர்த்தி, அறையின் மூலைகளில் நிறுத்துவது நல்ல முறை. திருப்பூர் பனியன் கட்டிங் வேஸ்ட்டைக் கிலோக் கணக்கில் வாங்கி நிரப்புகிறவர்களும் உண்டு. ஒலியை அது நன்றாகவே உறிஞ்சும், ஆனால் தீப்பற்றினால் நிற்காது. அதனால் ப்ளக் பாயிண்ட், எக்ஸ்டென்ஷன் பக்கம் கொண்டுபோகவே வேண்டாம்.

ஓட்டு வீடு வைத்திருக்கிறவர்கள் வருத்தப்படத் தேவையே இல்லை. சாய்ந்த கூரை, இடுக்கெல்லாம் இடைவெளி, பேஸ் வெளியேறிப் போய்விடுகிறது. கான்கிரீட் பெட்டி அறையைவிட மிக்ஸிங்குக்கு அது எத்தனையோ மேல். வெளிச்சத்தம் உள்ளே வருவது ஒன்றுதான் குறை.

வெளிச்சத்தம் என்றதும் தறி நினைவுக்கு வருகிறது. பக்கத்தில் விசைத்தறி ஓடினால் பகலில் ஸ்பீக்கரில் மிக்ஸ் செய்வது வீண். தறிச் சத்தத்தை மீறக் கேட்க வேண்டும் என்று வால்யூமை ஏற்றுவீர்கள், காது களைத்துப்போகும். அந்த நேரத்தில் மூடிய வகை ஹெட்ஃபோனில் எடிட்டிங் வேலையை முடித்துக்கொண்டு, தறி நின்ற பிறகு ஸ்பீக்கரைப் போடுங்கள். அப்போதும் ஒரே அளவான சத்தத்தில் வேலை செய்யுங்கள். காதருகே 75 டெசிபல் சுற்றி இருந்தால் போதும், போன் ஆப்பிலேயே உத்தேசமாகப் பார்த்துக்கொள்ளலாம். சத்தம் குறைந்தால் பேஸ் காதுக்கு மற்றதைவிட அதிகமாகக் குறைந்து தெரியும் என்பதை ஃப்ளெட்சர், மன்சன் இருவரும் 1933லேயே அளந்து காட்டிவிட்டார்கள். வால்யூமை மாற்றிக்கொண்டே இருந்தால் உங்கள் பேஸ் முடிவும் மாறிக்கொண்டே இருக்கும்.

'ம்ம்' என்று இரைச்சல் வந்தால் உடனே ஸ்பீக்கரைச் சந்தேகப்படாதீர்கள். லேப்டாப், இன்டர்ஃபேஸ், இரண்டு ஸ்பீக்கர் நான்கையும் எர்த் உள்ள ஒரே எக்ஸ்டென்ஷனில் போடுங்கள். இரண்டு பக்கமும் டிஆர்எஸ் முனை (இரண்டு கறுப்பு வளையம் உள்ள ஜாக்) உள்ள கேபிளோ, டிஆர்எஸ்ஸிலிருந்து எக்ஸ்எல்ஆர் (மைக்கில் வரும் மூன்று பின் முனை) கேபிளோ வாங்குங்கள். பெரும்பாலும் அதிலேயே அடங்கிவிடும். எர்த் பின்னை வெட்டினால் இரைச்சல் போகும் என்று சிலர் சொல்வார்கள். உயிருக்கு ஆபத்தான யோசனை, கேட்காதீர்கள். கரண்ட் போய் இன்வெர்ட்டரில் ஓடும்போது மட்டும் இரைந்தால் அது ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டராக இருக்கும். சைன் வேவ் இருந்தால்தான் அந்த நேரத்தில் வேலை செய்ய முடியும்.

கடைக்குப் போகும்போது உங்களுக்கு மனப்பாடமான பாட்டுகளைச் சுருக்கப்படாத வேவ் ஃபைலாகக் கொண்டு போங்கள். அதில் ஒன்று கைதட்டலும் சலங்கையும் உள்ள கும்மிப் பாட்டாக இருக்கட்டும். ட்ரெபிள் தூக்கலான பெட்டியில் கைதட்டல் காதைக் குத்தும், நீங்கள் அதைக் குறைப்பீர்கள், கடைசியில் நோம்பிப் பந்தலில் கைதட்டலே கேட்காது. இரண்டு மாடலை ஒப்பிடும்போது சத்தத்தைச் சமமாக வையுங்கள். கொஞ்சம் சத்தமாக ஓடுவதுதான் எப்போதும் நல்லதாகத் தோன்றும். ஸ்பீக்கருக்கு நடுவே நின்று கண்ணை மூடினால் பாடுகிறவர் நேர் எதிரே நிற்க வேண்டும், இடமோ வலமோ சாயக் கூடாது.

வாங்கிய பிறகும் ஒவ்வொரு மிக்ஸையும் மோனோவில், அதாவது இடம் வலம் இரண்டையும் ஒன்றாக்கி, ஒருமுறை கேளுங்கள். நம் பாட்டு கடைசியில் ஓடப்போவது வேப்ப மரத்தில் கட்டிய குழாய் ஸ்பீக்கரில். அதில் ஆழமான பேஸ் வரவே வராது, இடம் வலம் என்ற பிரிவும் கிடையாது. பம்பையின் அடி வெறும் அடிவயிற்றுச் சத்தமாக மட்டும் இருந்தால் அங்கே மறைந்துபோகும். தோலில் குச்சி படும் அந்த 'டக்' ஒலியும் கேட்கும்படி மிட்டில் கொஞ்சம் இடம் கொடுங்கள்.

பழையது வாங்குவதென்றால் ஊஃபரைச் சுற்றியுள்ள ரப்பர் வளையத்தை விரலால் மெல்லத் தடவி வெடிப்பு பாருங்கள். ட்வீட்டர் குழிந்திருந்தால் வேண்டாம். இரண்டு பெட்டிக்கும் ஒரே பாட்டை மோனோவில் தனித்தனியாக ஓட்டி, ஒலி ஒத்துப்போகிறதா என்று கேளுங்கள். வெளிநாட்டிலிருந்து வந்தது என்றால் பின்னால் 230 வோல்ட்டுக்கு உரியதா என்று படித்த பிறகே ப்ளக்கைச் செருகுங்கள். புதிதாக வாங்கினால் பில்லையும் அட்டைப்பெட்டியையும், உள்ளே வரும் தெர்மாகோலோடு, வாரண்டி முடியும்வரை பரணில் போட்டு வையுங்கள். சர்வீஸுக்கு அனுப்ப நேர்ந்தால் அந்தப் பெட்டி இல்லாமல் கூரியரில் ஸ்பீக்கர் பத்திரமாகப் போய்ச் சேராது.