பழைய மாஸ்டா ஆர்எக்ஸ்-8: என்ஜினைக் காவு வாங்கும் தவறுகள்

2003 முதல் 2012 வரை தயாரான மாஸ்டா ஆர்எக்ஸ்-8, அதன் வேகத்துக்கும் தோற்றத்துக்கும் சற்றும் பொருந்தாத மலிவு விலையில் இன்று கைமாறுகிறது. காரணம் எல்லோருக்கும் தெரிந்ததுதான்: அதன் 1.3 லிட்டர் ரெனிசிஸ் ரோட்டரி என்ஜின் (பிஸ்டனுக்குப் பதில் முக்கோண ரோட்டார்கள் இரண்டு சுழலும் வகை) சீக்கிரம் போய்விடும் என்ற பெயர். அந்தப் பெயரில் பாதி உண்மை. மீதிப் பாதி, இதைச் சாதாரண பிஸ்டன் வண்டி மாதிரியே வாங்கி, ஓட்டி, பழுது பார்ப்பவர்களின் கைங்கரியம்.

முதல் தவறு வாங்கும்போதே நடக்கிறது. செல்ஃப் அடித்ததும் ஸ்டார்ட் ஆகிறது, சத்தம் சீராக இருக்கிறது என்று நம்பி முன்பணம் கொடுத்துவிடுகிறார்கள். ஏபெக்ஸ் சீல் (ரோட்டாரின் முனைகளில் இருக்கும் அடைப்பு) தேய்ந்த என்ஜினும் குளிர்ந்த நிலையில் ஒழுங்காக ஸ்டார்ட் ஆகும். சூட்டில்தான் குட்டு வெளிப்படும். 20 நிமிடம் நன்றாக ஓட்டி, நிறுத்தி, பத்து நிமிடம் கழித்து மீண்டும் சாவியைத் திருப்பிப் பாருங்கள். செல்ஃப் வெகுநேரம் சுற்றினால் கம்ப்ரஷன், அதாவது என்ஜினுக்குள் உருவாகும் அழுத்தம், இறங்கிவிட்டது என்று பொருள். உடனே பிடித்துக்கொண்டாலும் முழுதாக நம்ப வேண்டாம். வேகமாகச் சுற்றும் செல்ஃப் மோட்டாரை மாட்டினால் இந்தக் குறையைச் சில காலம் மறைத்துவிடலாம்.

ஆகவே கம்ப்ரஷன் சோதனை இல்லாமல் வாங்கக் கூடாது. அதையும் சாதாரண கேஜ் வைத்துச் செய்தால் பலனில்லை. ஒவ்வொரு ரோட்டாருக்கும் மூன்று முகங்கள். சாதாரண கேஜ் அவற்றின் அழுத்தங்களில் அதிகமானதை மட்டும் பிடித்துவைத்துக் காட்டும். ஒரு முகம் செத்திருந்தாலும் தெரியாது. ரோட்டரிக்கென்றே உள்ள கருவி ஆறு அளவுகளையும் செல்ஃப் சுற்றிய வேகத்தையும் தனித்தனியே தரும். 250 ஆர்பிஎம்-க்குக் (நிமிடத்துக்கு 250 சுற்று) கணக்கிட்ட அளவில் 830 கிலோபாஸ்கல் இருந்தால் ஆரோக்கியம். 680 கீழ் வரம்பு. 700-ஐ ஒட்டி நிற்கும் வண்டிக்கு, என்ஜின் இறக்கும் செலவைக் கழித்துக்கொண்டுதான் விலை பேச வேண்டும்.

வாங்கிய பிறகு நடக்கும் தவறுகளில் பெரியது இக்னிஷன் காயிலை அலட்சியம் செய்வது. மொத்தம் நான்கு காயில், நான்கு பிளக். ரோட்டாருக்கு முதல் பொறி தரும் லீடிங் ஒன்று, பின்தொடரும் டிரெயிலிங் ஒன்று. ஒரு காயில் பலவீனமானால் அதே ரோட்டாரின் இன்னொரு பிளக் தீயைப் பற்றவைத்துவிடுவதால் வண்டி ஓடிக்கொண்டே இருக்கும். பிக்கப் கொஞ்சம் குறைந்தது போலத்தான் தோன்றும். இதற்குள் எரியாத பெட்ரோல், புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குள் போய் அங்கே எரிகிறது. அதன் உள்ளே இருக்கும் தேன்கூடு அமைப்பு உருகி அடைத்துக்கொள்கிறது. புகை வெளியேற வழியில்லாமல் சூடு என்ஜினுக்கே திரும்புகிறது. ரெனிசிஸில் எக்ஸாஸ்ட் வாய்கள் பக்கவாட்டுத் தகடுகளில் இருப்பதால் அந்தச் சூட்டை முதலில் வாங்குவது ரோட்டாரின் பக்கங்களில் உள்ள சைட் சீல்களும் அவற்றின் ஸ்பிரிங்குகளும். கடைசியில் "ரோட்டரி என்ஜின் போய்விட்டது" என்று பேச்சு. போனது உண்மைதான், ஆனால் அதைத் தொடங்கிவைத்தது ஒரு காயில்.

அதனால் சுமார் 50,000 கி.மீ.க்கு ஒருமுறை, நன்றாக இருப்பதாகத் தோன்றினாலும், நான்கு காயில்களையும் ஒயர்களையும் பிளக்குகளையும் ஒன்றாக மாற்றிவிடுவது நல்லது. கெட்டதை மட்டும் மாற்றினால் மற்ற மூன்றும் வரிசையாகப் பின்தொடரும். பிளக்கில் எல், டி என்று பொறித்திருக்கும். லீடிங் கீழே, டிரெயிலிங் மேலே. இடம் மாற்றிப் போடும் மெக்கானிக்குகள் இருக்கிறார்கள், பக்கத்தில் நின்று பாருங்கள். செக் என்ஜின் விளக்கு மினுக்கினால் மிஸ்ஸிங் நடக்கிறது என்று அர்த்தம்; அந்த நிலையில் வீடு வரை ஓட்டிப் போகலாம் என்று நினைக்க வேண்டாம். உயர் ஆர்பிஎம்-ல் வண்டி இழுக்க மறுப்பதும் அழுகிய முட்டை நாற்றமும் கன்வெர்ட்டர் அடைத்ததன் அடையாளம்.

அடுத்தது வெள்ளம், அதாவது என்ஜின் பெட்ரோலில் மூழ்கும் ஃபிளட்டிங். குளிர்ந்த என்ஜினை ஸ்டார்ட் செய்து, வண்டியைப் பத்தடி நகர்த்தி, அணைத்துவிடுகிறார்கள். குளிர்ந்த நிலையில் பெட்ரோல் தாராளமாகத் தெளிக்கப்படுவதால் பிளக் நனைந்துவிடும். உள்சுவரில் இருக்கும் எண்ணெய்ப் படலமும் கழுவப்பட்டுக் கம்ப்ரஷன் விழும். அடுத்த முறை ஸ்டார்ட் ஆகாது. ஸ்டார்ட் செய்தால் சூடேறும் வரை ஓடவிடுங்கள், இல்லையேல் கையால் தள்ளுங்கள். மூழ்கிவிட்டால் ஆக்ஸிலரேட்டரை முழுவதும் மிதித்தபடி செல்ஃப் அடிக்க வேண்டும். அப்போது பெட்ரோல் தெளிப்பு நின்று காற்று மட்டும் போகும். பத்து வினாடிக்கு மேல் தொடர்ந்து அடிக்காமல் இடையில் மோட்டாரை ஆறவிடுங்கள். அதற்கும் மசியாவிட்டால் பிளக்குகளைக் கழற்றி உலர்த்த வேண்டும். முன்புற இடது சக்கரப் பக்கமிருந்து கை எட்டும்.

என்ஜின் ஆயில் குறைவதைக் கோளாறு என்று எண்ணிப் பதறுபவர்கள் ஒரு பக்கம், டிப்ஸ்டிக்கைத் தொடாமலே சர்வீஸ் முதல் சர்வீஸ் வரை ஓட்டுபவர்கள் மறுபக்கம். சீல்களுக்கு மசகு கொடுக்க, ஆயில் தேங்கும் சம்ப்பிலிருந்து ஆயிலை எடுத்து உள்ளே செலுத்தும் மீட்டரிங் பம்ப் இதில் உண்டு. குறைவதுதான் இயல்பு, கொஞ்சமும் குறையவில்லை என்றால்தான் பம்பைச் சந்தேகிக்க வேண்டும். இரண்டு முறை டேங்க் நிரப்பினால் ஒருமுறை ஆயிலைப் பாருங்கள், 5,000 கி.மீ.க்கு ஒருமுறை மாற்றுங்கள். 2009-க்குப் பிந்தைய மாடலில் ரோட்டாருக்கு மூன்றாவதாக ஒரு ஆயில் முனை சேர்க்கப்பட்டது, எனவே தேர்வு இருந்தால் அதுவே மேல். ஆயில் ஊற்றும் குழாயில் மஞ்சள் நுரை தெரிந்தால் ஹெட் கேஸ்கெட் போய்விட்டது என்று யாராவது சொன்னால் அந்த ஒர்க்‌ஷாப்பை விட்டு வெளியே வந்துவிடலாம். ரோட்டரியில் ஹெட்டே கிடையாது. அந்த நுரை பெரும்பாலும் குறுகிய தூர ஓட்டத்தில் படியும் ஈரம்.

டெம்பரேச்சர் முள்ளை நம்புவதும் ஆபத்து. அது நடுவிலேயே அசையாமல் நின்றிருக்கும், ஏறத் தொடங்கும்போது காலம் கடந்திருக்கும். வண்டியின் கணினியைப் படிக்கும் ஓபிடி ஸ்கேனர் ஒன்றை மாட்டி, கூலன்ட் சூட்டை எண்ணாகப் பாருங்கள். 110 டிகிரி செல்சியஸை நெருங்கினால் ஓரங்கட்டுங்கள். தகடுகளுக்கிடையே உள்ள ரப்பர் கூலன்ட் சீல் ஒரே ஒரு கடும் சூட்டில் போய்விடக்கூடும். காலையில் ஸ்டார்ட் செய்ததும் வெள்ளைப் புகை, கூலன்ட் டேங்கில் குமிழி, ஒழுக்கே இல்லாமல் கூலன்ட் குறைவது ஆகியவை அதன் அறிகுறிகள்.

என்ஜினைப் பாதுகாக்கிறேன் பேர்வழி என்று 3,000 ஆர்பிஎம்-ஐத் தாண்டாமல் ஓட்டுவது வேண்டாத கரிசனம். கரி படிந்து சீல்கள் ஒட்டிக்கொள்ளும், உயர் வேகத்தில் திறக்கும் இன்டேக் வால்வுகள் இறுகிவிடும். என்ஜின் சூடேறிய பிறகு தினம் ஒருமுறையாவது ஆர்பிஎம் முள் உச்சிவரை போய்வரட்டும். சூடேறும் முன் அப்படிச் செய்யக் கூடாது.

செலவுக் கணக்கில் நகர ஓட்டத்துக்கு லிட்டருக்கு 7 கி.மீ. அளவே வைத்துக்கொள்ளுங்கள். கிளட்ச் பெடல் பிராக்கெட்டில் விரிசல், பின்சக்கர வளைவுகளில் துரு ஆகியவற்றையும் பார்த்துவிடுங்கள். என்ஜின் ஓவர்ஹால் செலவு, வண்டி வாங்கிய விலையைத் தாண்டுவது சகஜம். மலிவாகச் செய்கிறேன் என்று ரோட்டார் சுழலும் கூடான ஹவுசிங் தேய்ந்திருக்க, அதிலேயே புது சீல் போட்டால் கம்ப்ரஷன் திரும்பாது; உள்சுவரின் குரோம் பூச்சு உரிந்திருக்கிறதா என்று பிரித்துவைத்த நிலையில் கண்ணால் பாருங்கள். பழைய காயிலையும் அடைத்த கன்வெர்ட்டரையும் புது என்ஜினோடு சேர்த்து மாட்ட விடாதீர்கள்.