மினியேச்சர் வீரர்களுக்கு வண்ணம் தீட்ட ஓர் ஈரத் தட்டு

மேசைமேல் சிறு பொம்மைகளை வைத்து ஆடும் வார்ஹாமர் 40,000 ஆட்டத்தின் ஸ்பேஸ் மரீன் வீரனுடைய தலைக்கவசம் மிளகைவிடச் சற்றே பெரிது. கண்ணாடி விளிம்பு, மூச்சுக் குழாய் எல்லாம் அதற்குள் நுணுக்கமாக வார்க்கப்பட்டிருக்கும். அக்ரிலிக் வண்ணத்தைக் குப்பியிலிருந்து எடுத்து அப்படியே பூசினால் அத்தனையும் மெழுகியதுபோல் மூடிப்போகும். எனக்கு அதைப் பார்க்க மனம் பொறுக்காது. தண்ணீர் கலந்து, மெல்லியதாக இரண்டு முறை பூசுங்கள்.

கலந்த வண்ணம் சீக்கிரம் காய்ந்துவிடுகிறதா? ஈரத் தட்டு செய்துகொள்ளுங்கள். இறுக மூடும் தட்டையான டப்பாவில் டிஷ்யூ தாளை நான்கைந்து மடிப்பாக விரித்து, தண்ணீரில் ஊறவிடுங்கள். மேலே கேக் சுடப் பயன்படும் பேக்கிங் தாளைக் குமிழி இல்லாமல் படியவையுங்கள். மெழுகு பூசிய தாள் வேண்டாம், ஈரம் மேலேறாது. இதில் வைத்த ஒரு துளி சிவப்பு, டப்பாவை மூடிவைத்தால் மறுநாளும் இளகியே இருக்கும். வெள்ளி, பொன் போன்ற உலோக வண்ணங்களை மட்டும் இதில் வைக்காதீர்கள். மினுக்குத் துகள்கள் பிரிந்து மற்ற வண்ணங்களில் கலந்துவிடும். அவற்றுக்கு உடைந்த பீங்கான் ஓடு போதும்.

தூரிகையைப் பொம்மையில் வைக்கும் முன் ஒருமுறை டிஷ்யூவில் ஒற்றுங்கள். இல்லாவிட்டால் நீர்த்த வண்ணம் பள்ளங்களில் ஓடித் தேங்கும். முதல் பூச்சு திட்டுத்திட்டாகத்தான் தெரியும். நன்றாகக் காய்ந்தபின் இரண்டாவது பூச்சில் சரியாகிவிடும். மஞ்சளுக்கு மூன்றாவதும் தேவைப்படலாம்.